பின்சீட்டுக்காரரின் பெல்ட்

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குஜராத்தின் உத்வாடாவிலிருந்து மும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு மெர்சிடிஸ் கார், பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. காரில் நான்கு பேர். முன்சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் ஒருவர் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. பின்னால் இருந்த இருவருமே சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ் விசாரணை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், 2014 ஜூன் 3 அன்று அதிகாலையில், மத்திய அமைச்சராகப் பதவியேற்றுப் பத்து நாள்கூட ஆகியிராத கோபிநாத் முண்டே டெல்லி விமான நிலையத்துக்குக் கிளம்பினார். ஒரு சந்திப்பில் வேறொரு கார் பக்கவாட்டில் வந்து மோதியது. அவரும் பின்சீட்டில்தான் இருந்தார். அவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. வெளிக்காயம் பெரிதாக இல்லை. கழுத்தெலும்பு முறிந்திருந்தது, கல்லீரல் கிழிந்திருந்தது. அவருடைய ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். இரண்டு விபத்துகளுக்குப் பிறகும் சில வாரங்களுக்குப் பின்சீட்டு பெல்ட்டைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

அடங்கியதற்கு ஒரு காரணம், அந்தப் பேச்சு முழுவதும் பின்சீட்டில் இருப்பவரின் உயிரைப் பற்றியதாகவே இருந்தது. 'என் உயிர், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அங்கே பேச எதுவும் இருக்காது. ஆனால் விபத்து ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் தனக்கு முன்னால் இருப்பவரையும் சாகடிக்கக்கூடும். முன்னால் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தாலும் சரி, ஏர் பேக் விரிந்தாலும் சரி. ஆகவே பின்சீட்டு பெல்ட்டை ஒருவரின் சொந்த விருப்பமாக நாம் விட்டுவைத்திருப்பது தவறு. ஓட்டுநரின் பெல்ட்டை எவ்வளவு கண்டிப்போடு பார்க்கிறோமோ அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மோதும் கணத்தில் காருக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு கெட்டியான சுவரில் மோதினால், அதன் முன்பகுதி ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் வரை நசுங்கி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கார் நின்றுவிடுகிறது. கார்தான் நிற்கிறது. உள்ளே இருப்பவரின் உடல் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தோடு எதன் மீதாவது முட்டுவது, ஏறத்தாழ மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் எட்டு மாடி. பெல்ட் போட்டிருந்தால் கார் நசுங்கும் அந்த அரை மீட்டரும் உடலுக்குப் பயன்படுகிறது; கார் வேகம் குறையக் குறைய உடலும் அதோடு சேர்ந்து வேகம் குறைகிறது. அந்த விசையை இடுப்பெலும்பு, விலா, தோள்பட்டை எலும்பு என்று உடலின் வலுவான எலும்புகள் பகிர்ந்துகொள்கின்றன. பெல்ட் இல்லாவிட்டால் கார் நசுங்கி முடியும்வரை உடலைத் தடுக்க எதுவும் இல்லை. கார் நின்றுபோன பிறகு, நின்றுவிட்ட டேஷ்போர்டிலோ முன்சீட்டின் முதுகிலோ உடல் போய் முட்டுகிறது. காரைச் செய்தவர்கள் கணக்குப் போட்டு நசுங்க வைத்த முன்பகுதியால் அந்த உடலுக்கு ஒரு பயனும் இல்லாமல் போகிறது.

கார் மோதுவதும் உடல் முட்டுவதும் போக, மூன்றாவதாக ஒரு மோதல் உண்டு. அது உடலுக்குள் நடக்கிறது. நெஞ்சுக்கூடு நின்றுவிட்ட பிறகும் இதயம் முன்னோக்கி ஆடுகிறது. இதயத்திலிருந்து வளைந்து கீழிறங்கும் பெருந்தமனி முதுகெலும்போடு இறுகக் கட்டப்பட்டிருக்கும் இடத்தில் கிழிகிறது. அங்கே முழுவதுமாகக் கிழிந்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதில்லை. மண்டையோடு நின்ற பிறகு மூளை அதன் உள்சுவரில் இடிக்கிறது. மூளையின் நரம்பிழைகள் முறுக்கிக்கொண்டு அறுபடுகின்றன. கல்லீரலும் மண்ணீரலும் விலாவுக்குக் கீழே நசுங்கி, வெளியே ஒரு சிராய்ப்புகூடத் தெரியாமல் வயிற்றுக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. முன்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டினால், தொடையெலும்பு பின்னுக்குத் தள்ளப்பட்டு இடுப்பு மூட்டுக் கிண்ணத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எலும்பு முறிவு மருத்துவர்கள் இதை டேஷ்போர்டு காயம் என்றே சொல்வார்கள். பின்சீட்டில் இருப்பவருக்கு அந்த டேஷ்போர்டின் இடத்தில் இருப்பது முன்சீட்டின் முதுகு. முழங்கால் அதில் முட்டும். முகம் தலைச்சாய்வுக் கம்பியில் அடிபடும். உச்சந்தலை காரின் கூரையில் இடித்துக் கழுத்து மடங்கும். கார் உருண்டாலோ கதவு திறந்துகொண்டாலோ ஆள் வெளியே வீசப்படுவார். உயிரிழப்பில் முடியும் விபத்துகளில் காரை விட்டு முழுவதுமாக வெளியே வீசப்படுபவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள் என்பது அமெரிக்காவின் பல ஆண்டுக் கணக்கு.

இப்போது அந்தப் பின்சீட்டு உடலை முன்சீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் பெல்ட் போட்டிருக்கிறார். பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்துகிறது, ஏர் பேக் விரிகிறது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து 70 கிலோ எடையுள்ள ஓர் உடல் அவருடைய சீட்டின் முதுகில் வந்து மோதுகிறது. சீட் முன்னோக்கி மடிகிறது. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் இடையில் அவர் நசுக்கப்படுகிறார். அவரைப் பிடித்து வைத்திருக்கும் பெல்ட்டே நெஞ்சில் ஆழமாக இறங்குகிறது. இது எவ்வளவு நடக்கிறது என்பதை ஜப்பானில் கணக்கெடுத்தார்கள். 1995 முதல் 1999 வரை விபத்துக்குள்ளான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களின் போலீஸ் பதிவுகளை டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர் இறக்கும் வாய்ப்பு, பின்னால் இருப்பவர் பெல்ட் போடாதபோது ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடியது. பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருந்தால் அப்படி இறந்த முன்சீட்டுக்காரர்களில் ஐந்தில் நான்கு பேர் இறந்திருக்க மாட்டார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் குறுகிய கேள்வி ஒன்றைக் கேட்டது: கடுமையான நேருக்கு நேர் மோதலில், நேர் பின்னால் பெல்ட் இல்லாத ஆள் இருந்தால், பெல்ட் போட்ட ஓட்டுநருக்கு என்ன ஆகிறது? அவர் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போனது. ஐந்து மடங்கா, இரண்டு மடங்கா என்பது எந்த விபத்துகளை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பிரிட்டன் அரசு 1998-ல் தொலைக்காட்சியில் காட்டிய ஒரு விளம்பரப் படத்தில், பின்சீட்டில் பெல்ட் போடாத மகன் மோதலில் முன்னால் வந்து விழுந்து, பெல்ட் போட்டிருந்த தன் தாயையே கொன்றுவிடுவான். ஜப்பான் 2008 ஜூனில் பின்சீட்டு பெல்ட்டைச் சட்டமாக்கியது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி, ஓட்டுநரும் முன்சீட்டுப் பயணியும் முன்னோக்கிப் பார்க்கும் பின்சீட்டுகளில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. 2019 திருத்தச் சட்டத்தின் 194-பி பிரிவு, மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் அந்த அளவுக்கு உயர்த்தப்பட்டன. ஓட்டுநர் பெல்ட் போடாவிட்டால் கேமரா படம் பிடித்து செல்போனுக்குச் செலான் அனுப்புகிறது. அதே காரின் பின்சீட்டில் மூன்று பேர் பெல்ட் இல்லாமல் போனால் அநேகமாக யாரும் கேட்பதில்லை. மிஸ்திரி இறந்த இரண்டு நாளில், பின்சீட்டுக்காரர்களுக்கும் இனி அபராதம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஏட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு விதியைப் புதிதாக அறிவிக்க வேண்டிய நிலையில்தான் நாடு இருந்தது. இதன் விலை என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. பெல்ட் போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சில மோதல்களில் எதுவும் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை முன்சீட்டில் பெல்ட் மரணத்தை 45 முதல் 50 சதவீதம் வரையும், பின்சீட்டில் மரணத்தையும் படுகாயத்தையும் 25 சதவீதமும் குறைப்பதாகச் சொன்னது. மிகவும் அடக்கமான அந்த 25 சதவீதத்தையே எல்லாப் பயணிகளுக்கும் வைத்துக்கொண்டாலும் ஒரே ஆண்டில் 2,000 பேருக்கு மேல் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். இந்தக் கணக்கில், பின்னாலிருந்து வந்து விழுந்த உடலால் இறந்த முன்சீட்டுக்காரர்கள் சேரவில்லை. அவர்கள் 'பெல்ட் போட்டும் இறந்தவர்கள்' பட்டியலில் இருக்கிறார்கள்.

பெல்ட் கண்டுபிடிக்கப்பட்டு இத்தனை காலமாகியும் ஏன் இந்த நிலை? வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டை 1959-ல் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் காப்புரிமை திறந்துவிடப்பட்டது. இல்லாத பொருளுக்காக நாம் காத்திருக்கவில்லை. நம் ஊரில் பின்சீட் என்பது மரியாதைக்குரிய இடம் என்பது இதில் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். காரில் பெரியவர், முதலாளி, அதிகாரி, அமைச்சர், மாப்பிள்ளை ஆகியோர் உட்காரும் இடம் அது. விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர் சம்பளத்துக்கு ஓட்டுபவர். பின்னால் இருப்பவரிடம் 'ஐயா, பெல்ட் போட்டுக்குங்க' என்று சொல்ல அந்த ஓட்டுநருக்கு வாய் வராது. சொன்னால் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. ஆனால் அந்த ஐயா பெல்ட் போடாததால் நசுங்கக்கூடிய முதல் ஆள் அந்த ஓட்டுநர்தான். முண்டேயும் மிஸ்திரியும் பாதுகாப்புக்குச் செலவழிக்க முடியாதவர்கள் இல்லை. பின்சீட் பத்திரமானது என்று படித்தவர்களும் வசதி உள்ளவர்களும்கூட உறுதியாக நம்பினார்கள், இன்னும் நம்புகிறார்கள்.

மறுப்புகளுக்கு வருவோம். பெல்ட்டே காயப்படுத்துகிறதே என்பது அடிக்கடி கேட்கும் ஒன்று. உண்மைதான், படுத்துகிறது. பெல்ட் பதிந்த தடம், விலா எலும்பு முறிவு, வயிற்றுக்குக் குறுக்கே மட்டும் கட்டும் பழைய பெல்ட்டால் குடல் கிழிவதும் முதுகெலும்பு பிளப்பதும் மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவானவை. பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் படாமல் வயிற்றின் மேல் ஏறியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி பயணம் செய்பவர்களுக்கும், பெல்ட்டின் மேல்பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்பவர்களுக்கும் இத்தகைய காயங்கள் நேர்கின்றன. கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, தொடைகள் தொடங்கும் இடத்தில் படிய விட வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே போக வேண்டும். விலா முறிந்தவர் வலியோடு வீடு திரும்புவார் என்பதும், பெருந்தமனி கிழிந்தவர் திரும்ப மாட்டார் என்பதும் இந்த மறுப்பை எடைபோடும்போது நினைவில் இருக்க வேண்டும். கார் தீப்பிடித்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ பெல்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்பது இன்னொரு அச்சம். அப்படிப்பட்ட விபத்துகள் மிகச் சொற்பம். அவற்றிலும் மோதலில் சுயநினைவு இழக்காதவரால்தான் கதவைத் திறந்து வெளியே வர முடியும். அந்த நினைவைக் காப்பாற்றித் தருவது பெல்ட்.

ஊருக்குள்தானே, மெதுவாகத்தானே போகிறோம் என்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்று மாடிக் கணக்கே பதில். 50 கிலோமீட்டர் என்பது சென்னையின் சாலைகளில் இரவு நெரிசல் குறைந்த பிறகு பல கார்கள் எளிதில் தொடும் வேகம். தவிர, மோதலின் வேகத்தை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை, எதிரே வருபவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார். முண்டே விபத்தில் சிக்கியதும் டெல்லி நகருக்குள்தான்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியச் சாலைகளில் சாகிறவர்களில் பெரும்பாலோர் கார்க்காரர்கள் இல்லையே என்பது. 2022-ல் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44.5 சதவீதம், நடந்து சென்றவர்கள் 19.5 சதவீதம், கார், வேன், டாக்ஸிகளில் சென்றவர்கள் 12.5 சதவீதம். தமிழ்நாடு 64,105 விபத்துகளோடு அந்த ஆண்டு எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. இங்கும் அதிகம் அடிபடுவது பைக்கில் போகும் ஏழை எளியவரும் நடுத்தர வர்க்கமும்தான். அப்படியிருக்க, வசதியானவர்கள் உட்காரும் பின்சீட்டுக்கு இவ்வளவு கவனம் நியாயமா? சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியை அகற்றுவதும், நடைபாதை போடுவதும், ஹெல்மெட்டை உறுதிசெய்வதும் அவசரம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அவற்றுக்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். பெல்ட் காரிலேயே இருக்கிறது. வாங்கியபோதே அதற்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதைப் போட வைப்பதற்காக வேறெந்த வேலையையும் நிறுத்த வேண்டியதில்லை. மேலும் இன்று காரில் போவோர் வசதியானவர்கள் மட்டும் இல்லை. சேர்ந்து பணம் போட்டு வண்டி பிடித்துத் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்களும், இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி கேபில் தூங்கிக்கொண்டே வீடு திரும்பும் இளம்பெண்களும் பின்சீட்டுக்காரர்கள்தான். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அது நல்ல திட்டம். அடிபட்ட பிறகு இவ்வளவு செலவிட முன்வரும் அரசு, அடிபடாமல் தடுக்கும் விதியையும் அதே அக்கறையோடு நடைமுறைப்படுத்தலாம்.

கார் நிறுவனங்களைக் கேட்காமல் பயணியை மட்டும் குறை சொல்வது சரியா என்று கேட்டால், சரியில்லை. முன்சீட்டு பெல்ட்டில் காலப்போக்கில் இரண்டு முக்கிய மேம்பாடுகள் வந்தன. மோதிய மறுகணமே தளர்வை உள்ளிழுத்து இறுக்கும் கருவி ஒன்று. விசை அளவு மீறும்போது பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விலாவைக் காக்கும் கருவி இன்னொன்று. பல கார்களின் பின்சீட்டில் இவை இல்லை. 2007-லும் அதற்குப் பிறகும் வந்த மாடல் கார்களில், பெல்ட் போட்ட பின்சீட்டுக்காரர் உயிரைப் பறிக்கும் காயம் அடையும் வாய்ப்பு பெல்ட் போட்ட முன்சீட்டுக்காரரைவிட 46 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கண்டது. பின்சீட் மோசமாகிவிடவில்லை, முன்சீட் வேகமாக முன்னேறிவிட்டது, பின்சீட் பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. அதனால் 2022-ல் அவர்கள் தங்கள் மோதல் சோதனையை மாற்றி, பின்சீட்டிலும் ஒரு பொம்மையை உட்கார வைக்கத் தொடங்கினார்கள். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நம்முடைய பாரத் என்கேப் கார் பாதுகாப்புத் தரமதிப்பீடும், பின்சீட்டில் உட்காரும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் இதே அளவு கறாராக இருக்க வேண்டும். கார் வாங்கப் போகிறவர்கள் சன்ரூஃப் உண்டா என்று கேட்பதற்கு முன் பின்சீட் நடுவில் மூன்று முனை பெல்ட் உண்டா என்று கேட்கலாம். இந்தக் குறையைக் காட்டி பெல்ட்டையே தவிர்ப்பதற்கு இந்தப் புள்ளிவிவரத்தில் இடமில்லை. அது ஒப்பிடுவது பெல்ட் போட்ட இருவரை.

குழந்தைகள் விஷயத்தில் பொறுப்பு முழுக்கப் பெரியவர்களுடையது. மடியில் வைத்துக் கையால் அணைத்துக்கொண்டால் போதும் என்று நம்புகிறோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, அறுபது சென்டிமீட்டர் நசுங்கி கார் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த அந்தக் கணத்தில் 160 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை. முன்சீட்டில் மடியில் குழந்தை இருந்தால் விரியும் ஏர் பேக்கே அதற்கு எமன். 194-பி பிரிவு 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்கிறது. பெரியவர்களின் பெல்ட் குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் போய்ப் பதியும் என்பதால் சிறு குழந்தைக்குத் தனி இருக்கையே சரி. ஆனால் கைக்குழந்தையோடு கால் டாக்ஸியில் ஏறும் ஒரு குடும்பத்துக்கு அது எங்கே கிடைக்கும்? வாடகை வண்டிகளில் அதைக் கேட்டுப் பெற ஒரு வழியை அரசும் டாக்ஸி செயலி நிறுவனங்களும் இன்னும் பரவலாக உருவாக்கவில்லை. இந்த விதியை நிறைவேற்றும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

வாடகை வண்டிகளிலிருந்தே கண்டிப்பைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். நம் டூரிஸ்ட் கார்களில் பின்சீட்டைப் பாருங்கள். பெல்ட் பட்டை பக்கவாட்டில் தொங்கும். அதைச் சொருக வேண்டிய பக்கிள் எங்கே என்று தேடினால் ரெக்சின் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவர் மாட்டியவர் அதற்குத் துளை விடவே இல்லை. பயணி போட நினைத்தாலும் போட முடியாது. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் வண்டியில் ஹாரனையும் இண்டிகேட்டரையும் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், பின்சீட்டின் ஒவ்வொரு பெல்ட்டையும் சொருகிப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தரலாம். இரண்டு நிமிட வேலை அது. பெல்ட் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றும் கல்யாண வண்டிகளைச் சுங்கச்சாவடியில் நிறுத்திக் கேட்கலாம். அபராதம் ஓட்டுநரின் தலையில் விழாமல் பெல்ட் போடாத பயணியின் பெயரில் விழ வேண்டும். அப்போதுதான் ஓட்டுநருக்கு 'ஐயா, ஃபைன் உங்களுக்குத்தான் வரும்' என்று சொல்ல வாய் வரும். பெல்ட் போடாவிட்டால் கத்தும் எச்சரிக்கை ஒலியை ஏமாற்ற, பக்கிளில் சொருகிவிடும் உலோகக் கிளிப்புகளை இணையக் கடைகள் வெளிப்படையாக விற்றுவந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து நிறுவனங்களுக்கு உத்தரவிட்ட பிறகு 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. அதே கிளிப்பை ஆக்சசரீஸ் கடையில் இன்னும் யாராவது விற்றால் அவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளூர் அலுவலர்களுக்கும் தரப்பட வேண்டும். பின்சீட்டிலும் ஒலி எழுப்பும் கார்கள் பெருகிவரும் இந்த நேரத்தில், அடுத்து அந்தக் கிளிப்புகள் தேடிப் போகப்போவது பின்சீட்டு பக்கிளைத்தான்.